வேலை பார்க்கும் பொறியாளருக்கும் விளையாட்டு வேண்டும்

தென்னாப்பிரிக்காவில் பதிவுபெற்ற பொறியாளர் எவரும் படிப்பு முடிந்துவிட்டது என்று ஓய்ந்துவிட முடியாது. 2000ஆம் ஆண்டின் பொறியியல் தொழில் சட்டத்தின் கீழ் இயங்கும் பொறியியல் மன்றம், பதிவு தொடர வேண்டுமானால் ஐந்தாண்டுச் சுற்றொன்றுக்கு 25 சி.பி.டி. புள்ளிகள், அதாவது தொடர் தொழில்முறை மேம்பாட்டுப் புள்ளிகள், சேர்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. பயிற்சி வகுப்பிலோ கருத்தரங்கிலோ பத்து மணி நேரம் கலந்துகொண்டால் ஒரு புள்ளி, இளம் பொறியாளர்களுக்கு ஐம்பது மணி நேரம் வழிகாட்டினால் ஒரு புள்ளி என்று அந்தக் கணக்கு விரிகிறது. இந்த ஏற்பாடு அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டம் வாங்கிய ஆண்டின் அறிவோடு நின்றுவிட்ட ஒருவர் வடிவமைத்த பாலத்தின் மேல் என் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதை நான் விரும்பமாட்டேன்.

என் கவலை வேறு. சுற்று முடிகிற ஆண்டில் புள்ளிகளுக்காக ஓடுகிற ஓட்டத்தில், இணையவழிக் கருத்தரங்கைத் திறந்து வைத்துவிட்டு, கேமராவை அணைத்துவிட்டு, பக்கத்துத் திரையில் அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் பொறியாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறுவாரம் கேட்டால் தலைப்பு மட்டும் நினைவில் இருக்கும். அதே மனிதர்கள் கையால் தொட்டு, வளைத்து, உடைத்து, பக்கத்தில் இருப்பவரோடு பந்தயம் கட்டிக் கற்ற ஒன்றைப் பல மாதங்கள் கழித்தும் எண்ணோடு சொல்கிறார்கள். அதனால்தான், விளையாட்டாகக் கற்பது பொறியியலுக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் உடனே மறுத்துப் பேசுகிறேன். விளையாட்டும் பொறியியலின் முறைகளில் ஒன்றுதான். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. விளையாடி முடித்ததும் அளந்து பார்க்க வேண்டும், அந்த விளையாட்டு எந்த இடத்தில் உண்மையை விட்டு விலகுகிறது என்றும் கேட்க வேண்டும்.

டர்பனில் எங்கள் வட்டம் இப்படிக் கூடத் தொடங்கியது மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல்தான். கணினிகள் அணைந்து கிடக்கும் இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது, பக்கத்து அலுவலகங்களில் இருந்த தமிழ்ப் பொறியாளர்கள் சிலர் மதிய உணவுப் பொட்டலத்தோடு ஒரே அறையில் சேர ஆரம்பித்தோம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு மூத்தவர், டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து பாட்டியிடமும் கோயில் வகுப்பிலும் தமிழ் கற்ற ஓர் இளம் பொறியாளர் என்று கலவையான கூட்டம். மின்வெட்டு குறைந்த பிறகும் கூடுவது நிற்கவில்லை.

முதலில் ஸ்பகெட்டியைச் சொல்ல வேண்டும். சமையலறைத் தராசு ஒன்றை மேசையில் வைத்து, வேகவைக்காத ஒரு ஸ்பகெட்டிக் குச்சியை அதன் மேல் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையை ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்த வேண்டும். தராசின் எண் பத்து, இருபது, முப்பது கிராம் என்று ஏறும். நாற்பதை நெருங்கும்போது குச்சி பக்கவாட்டில் வில்லாக வளையத் தொடங்கும். அதன்பின் விரலை எவ்வளவு கீழே கொண்டுபோனாலும் வளைவுதான் கூடுமே தவிர எண் அங்கேயே நின்றுவிடும். நெடிய தூண் பக்லிங் ஆகும்போது, அதாவது அழுத்தத்தில் பக்கவாட்டில் வளைந்துவிடும்போது, அதற்கு மேல் எடை ஏற்காது என்று நாம் கல்லூரியில் ஆய்லர் சூத்திரமாகப் படித்தது இதுதான். பிறகு ஒரு குச்சியைச் சரிபாதியாக ஒடித்து, அந்தப் பாதியை அதே போல அழுத்தினால், எண் நூற்றைம்பதைத் தாண்டிப் போகும். நீளம் பாதியானால் தாங்கும் திறன் நான்கு மடங்கு என்ற விதியை விரல்நுனி உணர்கிற அந்தக் கணத்தில், இருபதாண்டு அனுபவமுள்ளவர்களும் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். 1.8 மில்லிமீட்டர் விட்டம், 25 சென்டிமீட்டர் நீளம், காய்ந்த மாவின் விறைப்பைச் சொல்லும் மீள்மைக் குணகம் ஆகியவற்றை வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டாலும் நாற்பது கிராமை ஒட்டித்தான் விடை வரும். சாரம் கட்டும் பணித்தளத்தில் ஓர் இடைப்பிணைப்புக் கம்பியைக் கழற்றி, தூணின் பிடிப்பில்லாத நீளத்தைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை இதன் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

அதே குச்சியை இரண்டு முனைகளிலும் பிடித்து வளைத்து ஒடித்தால் அது பெரும்பாலும் இரண்டாக ஒடிவதில்லை, மூன்று நான்கு துண்டுகளாகச் சிதறும். புகழ்பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இதற்குக் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொண்டார். 2005இல் பாரிஸைச் சேர்ந்த ஒடோலி, நொய்கிர்ஷ் என்ற இரு இயற்பியலாளர்கள் விடை சொன்னார்கள். முதல் முறிவு நேர்ந்ததும் குச்சி நேராகத் துள்ளுகிறது. அப்போது ஒரு வளைவு அலை அதன் நீளத்தில் ஓடி, வேறிடத்தில் வளைவை முன்பிருந்ததைவிட அதிகமாக்கி, அங்கேயும் முறித்துவிடுகிறது. மறுவருடம் அவர்களுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. குச்சியை ஏறக்குறைய 270 பாகை முறுக்கி வைத்துக்கொண்டு மெதுவாக வளைத்தால் அது இரண்டாகவே ஒடியும் என்பதை 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். எங்கள் அறையில் முறுக்கியும் முறுக்காமலும் ஒடித்துப் பார்த்து, தரையெங்கும் துண்டுகள் இறைந்து கிடந்த வேளையில்தான், எங்களில் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவர் பேச ஆரம்பித்தார். ஓர் உறுப்பு திடீரென்று அறுந்துபோனால் மற்ற உறுப்புகள் தாங்க வேண்டியது அதன் பங்கு எடையை மட்டுமல்ல, அந்த அறுபடலின் அதிர்வையும் சேர்த்துத்தான் என்று அவர் அரைமணி நேரம் விளக்கினார். கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடும்போது அசையா எடையோடு ஏன் நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

இருபது ஸ்பகெட்டிக் குச்சியும் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் ஒன்றும் கொடுத்து 18 நிமிடத்தில் கோபுரம் கட்டச் சொல்லும் போட்டியைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. டாம் வூஜெக் என்ற வடிவமைப்பாளர் 2010இல் ஆற்றிய உரையின் வழியாக உலகெங்கும் பரவியது அது. வணிகப் படிப்பு முடித்தவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டினார்கள் என்பது அந்த உரையின் சுவையான செய்தி. குழந்தைகள் முதலிலேயே மார்ஷ்மெல்லோவை உச்சியில் வைத்துச் சோதித்துச் சோதித்துக் கட்டுகிறார்கள், பெரியவர்கள் கடைசி நிமிடத்தில்தான் வைக்கிறார்கள். நல்ல பாடம். ஆயினும் பொறியாளர்களிடம் இந்தப் போட்டியைக் குழு ஒற்றுமைக்கான பயிற்சியாக மட்டும் நடத்தி முடிப்பதை நான் வீணென்றே நினைக்கிறேன். அவர்களிடம் எந்தக் குச்சி முதலில் வளைந்தது, ஏன் அது, எத்தனை கிராமில் என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு விளையாட்டுக்கு ஒட்டுநாடா மட்டும் போதும். தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் ஒட்டி, அதற்குள் எத்தனை பேர் நிற்க முடியும் என்று பார்ப்பது. மக்கள் நின்றுகொண்டு கூடும் மண்டபத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஐநூறு கிலோ, எடை என்று வடிவமைப்பில் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த எண்ணை நாங்கள் எல்லோரும் ஆயிரம் முறை எழுதியிருப்போம், அதற்குள் போய் நின்றதில்லை. நான்கு பேர் நின்றபோது வசதியாக இருந்தது. ஆறு பேர் ஆனதும் தோளோடு தோள் உரசியது. "இன்னும் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு நில்லுங்கோ தம்பிமார்" என்று யாழ்ப்பாணத்து மூத்தவர் ஏழாவதாக ஏறினார். சாட்ஸ்வொர்த் தங்கை வெளியே நின்று ஒவ்வொருவர் எடையையும் கைப்பேசியில் கூட்டிக்கொண்டிருந்தவர், "அண்ணா, ஐநூறு கிலோ தாண்டிடுச்சு, இதுதான் உங்க அஞ்சு" என்றார். அப்போது யாருக்கும் கையை உயர்த்த இடமில்லை. தைப்பூசத்தன்று காவடி வரும்போது கோயில் மண்டபத்தில் நிற்கும் நெரிசலை நினைத்துக்கொண்டு, அந்த எண் கொஞ்சமும் மிகையானது இல்லை என்று ஒருவர் சொன்னார். கூட்டம் ஒரே தாளத்தில் ஆடினால் இந்த எண் மட்டும் போதாது என்று இன்னொருவர் தொடர்ந்தார், பேச்சு அதிர்வெண் பக்கம் திரும்பியது.

தைப்பூசம் என்றதும் தோராயக் கணக்கு விளையாட்டையும் சொல்லியாக வேண்டும். இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் பெயரால் வழங்கும் முறை இது. 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனையின்போது, அதிர்வலை வந்து சேர்ந்த நேரத்தில் கையிலிருந்த காகிதத் துணுக்குகளைக் கீழே விட்டு, அவை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தள்ளிப் போனதை வைத்து, வெடிப்பின் ஆற்றலைப் பத்தாயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு இணையானது என்று அவர் மதிப்பிட்டார். உண்மை அதைப் போல இரு மடங்குக்குச் சற்று மேல். கையில் கருவி இல்லாத நிலையில் அது வியக்கத்தக்க நெருக்கம். நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, ஒரு பெரிய கோயிலில் தைப்பூசத்தன்று எவ்வளவு பால் அபிஷேகமாகும் என்பது. நிமிடத்துக்கு இருபது பால்குடம், ஐந்து மணி நேரம், குடத்துக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 12,000 லிட்டர் வருகிறது. இதோடு முடிந்திருந்தால் வேடிக்கைதான். கழிவுநீர்த் துறையில் இருக்கும் நண்பர் அடுத்த கேள்வியைக் கேட்டார், அந்தப் பால் எங்கே போகிறது என்று. ஒரு கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவை உயிரிய ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி., என்பார்கள். பாலுக்கு அது லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீரில் அது சில நூறுதான். அப்படியானால் 12,000 லிட்டர் பாலில் 1,200 கிலோ பி.ஓ.டி. இருக்கிறது. ஒருவர் ஒரு நாளில் 60 கிராம் என்ற வடிவமைப்பு அளவால் வகுத்தால், இருபதாயிரம் பேர் வாழும் ஊரின் ஒருநாள் கழிவுக்கு அது சமம். மழைநீர் வடிகால் வழியாக ஓடைக்குப் போனால் அங்குள்ள மீனுக்கு மூச்சு இருக்காது. சாக்கடைக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் சமாளிக்கலாம். அபிஷேக நீர் செல்லும் குழாய் எதில் இணைந்திருக்கிறது என்று பார்ப்பது பக்திக்கு எந்தக் குறையும் சேர்க்காது. எங்களில் இருவர் தாங்கள் போகும் கோயில்களின் குழுவினரிடம் அதைக் கேட்டுவரப் புறப்பட்டார்கள். சாப்பாட்டு நேர விளையாட்டு இப்படி முடிவதைத்தான் நான் கற்றல் என்கிறேன்.

இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. எங்கள் கரைக்குத் தெற்கே ஈஸ்ட் லண்டன் துறைமுகம். 1960களின் தொடக்கத்தில் அங்கே துறைமுகப் பொறியாளராக இருந்தவர் எரிக் மெரிஃபீல்ட், அவரிடம் வரைவாளராக இருந்தவர் ஆப்ரி க்ரூகர். அலைத்தடுப்புச் சுவரின் பாறைகளைக் கடல் பெயர்த்துக்கொண்டே இருந்தது. ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்கும் கான்கிரீட் வடிவம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. க்ரூகர் பின்னாளில் சொன்னபடி, அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர், துடைப்பக் கழியிலிருந்து மூன்று துண்டு வெட்டி, ஆணியடித்து, ஒரு காலை மட்டும் 90 பாகை திருப்பிய ஆங்கில எச் எழுத்தாகச் செய்தார். ஆட்டுக் கணுக்கால் எலும்பை வைத்துச் சிறுவர்கள் விளையாடும் விளையாட்டுப் பொருளின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதுதான் டோலோஸ். வடிவத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. க்ரூகருக்கு உரிய மதிப்பு வாழ்நாளில் போதிய அளவு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

டோலோஸ் வேலை செய்யும் விதம் அழகானது. குமரி மாவட்டக் கடலோரத்தில் டெட்ராபாடு என்ற நான்கு கால் கான்கிரீட் கட்டைகளைப் பார்த்தவர்களுக்கு நோக்கம் உடனே புரியும். திருகிய கால்கள் அடுத்ததன் இடுக்கில் நுழைந்து மாட்டிக்கொள்வதால், டோலோஸ்கள் ஒழுங்கில்லாமல் குவிந்து கிடந்தாலே போதும், அலை இழுக்க இழுக்க இன்னும் இறுகும். குவியலில் பாதிக்கு மேல் வெற்றிடம் என்பதால் அலை மோதித் திரும்பாமல் உள்ளே புகுந்து ஆயிரம் சிறு சுழல்களாகத் தன் வேகத்தை இழக்கிறது. அதே பாதுகாப்புக்குக் குறைந்த கான்கிரீட் போதும். உலகின் பல துறைமுகங்கள் இதை எடுத்துக்கொண்டன. துடைப்பக் கழியில் தொடங்கிய ஒன்று இத்தனை தூரம் போனது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கமாட்டேன். போர்ச்சுகலில் சினேஷ் என்ற இடத்தில் பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்காக ஆழ்கடலில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவருக்கு 42 டன் டோலோஸ்களைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொன்றும் ஐந்து மீட்டரை நெருங்கும் உயரம். 1978 பிப்ரவரியில், பணி முடியும் தறுவாயில், ஒரு புயல் அந்தக் கவசத்தின் பெரும் பகுதியைக் கொண்டுபோய்விட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் பல காரணங்களை அலசின. அவற்றில் ஒவ்வொரு பொறியாளரும் மனத்தில் இருத்த வேண்டியது கால்கள் ஒடிந்த காரணம். டோலோஸ் கம்பி இல்லாத கான்கிரீட். உருவத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்காகிறது, எடையைத் தாங்கும் குறுக்குவெட்டோ நான்கு மடங்குதான். கான்கிரீட்டின் இழுவலிமை அப்படியே இருக்கிறது. உருவம் வளர வளர ஒவ்வொரு காலும் தன் எடைக்கே மெலிந்ததாகிவிடுகிறது, அலையில் சற்று ஆடி மோதினாலே முறிகிறது. ஆய்வகத் தொட்டியில் வைத்துப் பார்த்த சிறு மாதிரிகள் ஒருபோதும் முறியவில்லை, ஏனென்றால் மாதிரியின் அளவு குறைந்ததே ஒழிய அதன் வலிமை அதே விகிதத்தில் குறையவில்லை. தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தொட்டி சரியாகக் காட்டியது, கான்கிரீட் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டவில்லை.

அதனால்தான் எங்கள் கூடலில் எந்த விளையாட்டின் முடிவிலும் ஒருவர் எழுந்து, இந்தப் பொம்மை எந்த இடத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்று கேட்பது வழக்கமாகியிருக்கிறது. ஸ்பகெட்டிக்கு ஈரப்பதம் உண்டு, எஃகுக்கு இல்லை. எஃகு நெளிந்து எச்சரிக்கும், ஸ்பகெட்டி எச்சரிக்காது. தரையில் ஒட்டிய சதுரத்தில் நின்ற நாங்கள் யாரும் ஆடவில்லை. நிமிடத்துக்கு இருபது பால்குடம் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அது பாதியானால் விடையும் பாதியாகும். இந்தக் கேள்வியைக் கேட்கும் சில நிமிடங்கள்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், மூத்தவர்களின் அனுபவம் தானாகப் பேச வருவதும் அப்போதுதான். பணித்தளத்தில் தாங்கள் கண்ட விரிசல், திருத்திய வரைபடம், திருப்பி அனுப்பிய கான்கிரீட் வண்டி என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போக, இளையவர்கள் குறிப்பேட்டை எடுக்கிறார்கள்.

பிரிட்டோரியாவில் 1928இல் பிறந்த சேமூர் பேப்பர்ட் சிறுவயதில் பற்சக்கரங்களோடு விளையாடியே கணிதத்தின் மேல் காதல் கொண்டவர். பின்னாளில் எம்.ஐ.டி.யில் பணியாற்றியபோது, பி.பி.என். என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1967இல் லோகோ என்ற நிரல்மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார். கடினமாக இருப்பதால்தான் விளையாட்டில் இன்பம் வருகிறது, எளிதாக இருப்பதால் அல்ல என்பது அவருடைய உறுதியான எண்ணம். வேலை பார்க்கும் பொறியாளர்களிடமும் நான் காண்பது அதுவே. பரிசுப் பையும் பலூனும் வைத்து நடத்தும் கேளிக்கைக்கு அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். விடை தெரியாத ஒரு கேள்வியைக் கொடுத்தால் சாப்பாடு ஆறிப்போவதையும் கவனிப்பதில்லை.

உங்கள் அலுவலகத்தில் இதைத் தொடங்க நினைத்தால், அரைமணி நேரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம், காட்சித்திரை வேண்டாம். முதல் நாளே புள்ளிக்குப் பதிவு செய்யவும் முயல வேண்டாம். வருகைப் பதிவேடு வந்த கணத்தில் ஆட்கள் விடை சொல்லத் தயங்குகிறார்கள் என்பது என் அனுபவம். அளக்கும் கருவி ஒன்றாவது மேசையில் இருக்கட்டும். முடிவைப் பார்க்கும் முன் எல்லோரும் தங்கள் ஊகத்தைக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும். தலைமைப் பொறியாளரும் எழுத வேண்டும், அவரே முதலில் எழுதினால் இன்னும் நல்லது. இளையவர்களை அழைத்துச் சொல்லிக் கொடுக்கும் நேரம் பெருகிய பிறகு, அதை வழிகாட்டல் மணிகளாக முறைப்படி பதிந்துகொள்வது தனி விஷயம்.

அடுத்த கூடலுக்கு டோலோஸ் வார்க்கப் போகிறோம். எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் சில, பதினாறு சென்டிமீட்டரில் சில. ஒரே சிமெண்ட் கலவை, ஒரே நாளில் வார்ப்பு, இறுகும்வரை நனைத்துப் பதப்படுத்துவதும் ஒரே அளவு. டோலோஸின் கன அளவு உயரத்தின் மும்மடியில் 0.16 பங்கு என்பதால் சின்னது இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் பெரியது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்கு ஏற்ற விகிதத்தில், பெரியதை விடும் உயரத்தில் பாதியிலிருந்து சின்னதை விடுவதாக, கான்கிரீட் தரையில் விழவிட்டு, எது எத்தனையாவது விழுதலில் கால் ஒடிகிறது என்று குறிக்கப் போகிறோம். பெரியதே முந்தும் என்று நான் எழுதி மடித்துக் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்து ஐயா, கலவையில் காற்றுக் குமிழி இருந்தால் சின்னதும் முந்தலாம் என்கிறார், அதனால் வார்க்கும்போது அச்சைத் தட்டும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்திருக்கிறோம்.